ஜனவரி ஏன் பூஜ்யம்?

"சித்தப்பா, டிசம்பர் 25னு போட்டா அடுத்த வருஷம் ஜனவரி 25ன்னு காட்டுது. நான் எங்க தப்பு பண்ணேன்?"

அண்ணன் மகள் ஜாவாஸ்கிரிப்ட் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று சொல்கிற ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு 12 என்று கொடுத்திருக்கிறாள். இந்த மொழியில் ஜனவரி 0, டிசம்பர் 11. பன்னிரண்டு என்றால் அடுத்த வருடத்துக்குத் தாண்டிவிடும். சரி, எல்லாமே பூஜ்யத்தில் தொடங்குமா என்றால் அதுவும் இல்லை; தேதி மட்டும் ஒழுங்காக ஒன்றில் தொடங்கும். "எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது போல" என்று மடிக்கணினியை மூடிவிட்டாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நிறுவனம் நேவிகேட்டர் என்ற உலாவியை வெளியிட்டது. அன்றைய வலைப்பக்கம் துண்டுப்பிரசுரம் மாதிரி. படிக்கலாம், இணைப்பைச் சொடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு படிவத்தில் பெயரை எழுத மறந்துவிட்டால்கூட, மொத்தப் படிவமும் மோடம் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், "பெயரைக் காணோம்" என்ற பதிலோடு திரும்பி வரவேண்டும். அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். இந்த மாதிரிச் சின்ன வேலைகளை உலாவியே பார்த்துக்கொள்ள ஒரு மொழி தேவைப்பட்டது.

அதற்காக 1995 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தவர் பிரெண்டன் ஐக். உலாவிக்குள் ஸ்கீம் மொழியைக் கொண்டுவரலாம் என்று சொல்லித்தான் அவரை அழைத்தார்கள். ஸ்கீம் பல்கலைக்கழக வகுப்பறைகளின் செல்லப்பிள்ளை; அழகான, சிக்கனமான மொழி. ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் காற்று மாறிவிட்டது. சன் நிறுவனத்தின் ஜாவாவை நேவிகேட்டரில் சேர்க்க ஒப்பந்தமாகிக்கொண்டிருந்தது. ஜாவா தொழில்முறை நிரலாளர்களுக்கு. பக்கத்தை வடிவமைப்பவர், பொழுதுபோக்காக எழுதிப்பார்ப்பவர் ஆகியோருக்கு அதன் பக்கத்தில் ஒரு தம்பி மொழி வேண்டும், பார்க்க ஜாவா மாதிரியே இருக்கவேண்டும் என்றது மேலிடம். மே மாதத்தில் பத்தே நாளில் ஐக் முதல் வடிவத்தைச் செய்துகாட்டினார். மோக்கா என்று பெயர். செப்டம்பரில் லைவ்ஸ்கிரிப்ட் ஆயிற்று. டிசம்பர் 4 அன்று நெட்ஸ்கேப்பும் சன்னும் சேர்ந்து ஜாவாஸ்கிரிப்ட் என்று அறிவித்தன. ஜாவாவின் புகழில் கொஞ்சம் குளிர்காயத்தான். உடுப்பு ஜாவாவுடையது, உள்ளே ஸ்கீமிலிருந்து வந்த ஃபங்ஷன்களும் செல்ஃப் என்ற ஆய்வுமொழியிலிருந்து வந்த புரோட்டோடைப் முறையும் இருந்தன.

"ஜாவா மாதிரி" என்ற அந்தக் கட்டளையில்தான் ஜனவரி மாட்டிக்கொண்டது. தேதிகளுக்கென்று யோசித்து எதையும் வடிவமைக்க நேரம் கிடையாது. ஜாவாவில் இருந்த தேதி வகுப்பை நெட்ஸ்கேப்பின் கென் ஸ்மித் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தார். ஜாவாவோ அந்தப் பழக்கத்தை சி மொழியிலிருந்து வாங்கியிருந்தது. சி மொழியில் மாதம் 0 முதல் 11 வரை. மாத எண்ணை வைத்து மாதப் பெயர்ப் பட்டியலிலிருந்து பெயரை நேராக எடுக்கலாம், பட்டியல்கள் பூஜ்யத்தில் தொடங்குபவை. தேதிக்குப் பெயர் கிடையாது, அதனால் அது தப்பித்தது. வருடத்தில் 1900ஐக் கழித்துச் சொல்வதும் அங்கிருந்து வந்ததுதான்: 1995 என்றால் 95. நிறையப் பேர் இந்த எண்ணுக்கு முன்னால் "19" ஒட்டிக்கொண்டார்கள். 2000 பிறந்தபோது உலகம் முழுக்கப் பல பக்கங்கள் 19100ஆம் ஆண்டைக் காட்டின!

ஜாவா 1997இலேயே இந்த முறைகளை "இனி பயன்படுத்தாதீர்கள்" என்று ஓரங்கட்டிவிட்டது. தம்பியால் முடியவில்லை.

முயற்சி நடக்காமல் இல்லை. இரண்டு சமக்குறிகளின் கதையைப் பாருங்கள். 5 என்ற எண்ணும் "5" என்ற எழுத்தும் ஒன்றா என்று == போட்டுக் கேட்டால், ஜாவாஸ்கிரிப்ட் 'ஆமாம்' என்கும். நெட்ஸ்கேப்புக்குள் முதலில் பயன்படுத்தியவர்கள் வசதிக்காகக் கேட்டார்கள், ஐக் இணங்கினார், பிறகு வருந்தினார். 1.2 பதிப்பில் இதைத் திருத்தியும் பார்த்தது நெட்ஸ்கேப். அதற்குள் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் இதே மொழியை நகலெடுத்துவிட்டது, 1997இல் ஈசிஎம்ஏ அமைப்பு வகுத்த தரநிலையும் பழைய வழியையே உறுதிசெய்தது. திருத்தம் வாபஸ். 1999இல் மூன்றாவது சமக்குறி சேர்த்து === என்ற புதுச்சின்னம் தந்தார்கள். இன்று எந்த வாத்தியாரும் முதல் பாடத்திலேயே "மூணு போடு, ரெண்டு போடாதே" என்பார். காரணம் சொல்பவர்கள் குறைவு.

ஏன் திருத்த முடியவில்லை? நான் கற்றுக்கொண்ட விதத்திலேயே பதில் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பிடித்த பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, நோட்பேடில் ஒட்டி, ஃப்ளாப்பியில் வீட்டுக்கு எடுத்துவந்தேன். கம்பைலர் வேண்டாம், காசு வேண்டாம். பிழை வந்தால் உலாவியின் மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் தலைகாட்டும், மற்றபடி பக்கம் பாட்டுக்கு ஓடும். எனக்குப் புரியாத வரிகளையும் சேர்த்தே ஒட்டினேன். என் பக்கத்திலிருந்து வேறு யாராவது எடுத்திருக்கலாம். இப்படி ஒட்டப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கு கிடையாது. எழுதியவர்கள் போய்விட்டார்கள், பக்கங்கள் இருக்கின்றன. மொழியில் ஒரு விதியை மாற்றினால் அவை உடையும், திருத்த ஆள் வரமாட்டார்.

2018இல்கூட இது நடந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் பட்டியல்களைத் தட்டையாக்க ஃப்ளாட்டன் என்ற புது வசதியைச் சேர்க்கப் பார்த்தார்கள். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் போட்டதும் ஜெர்மனியின் ஒரு வானிலைத் தளம் உடைந்தது. மூடூல்ஸ் என்ற பழைய நிரல்தொகுப்பு அதே பெயரை முன்பே எடுத்துவைத்திருந்தது. "பழைய தளங்களுக்காக ஒரு நல்ல பெயரை விடுவதா" என்று பெரிய சண்டை. கடைசியில் விட்டுக்கொடுத்தது புதியதுதான். பெயர் ஃப்ளாட் ஆயிற்று.

எனக்கு இதில் குறையில்லை. முப்பது வருடப் பழைய பக்கம் இன்றைய உலாவியில் திறக்கிறது என்பது, மென்பொருள் உலகில் சாதாரண விஷயமல்ல. ஆனால் அதற்கான விலையைப் புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைதான் கொடுக்கிறது, அதுவும் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு.

கதையைக் கேட்டு முடித்தவள், "அப்போ எல்லாத்துலயும் ஒண்ணு கழிக்கணும், அவ்வளவுதானே?" என்றாள். 12ஐ அழித்து 11 போட்டாள்.

டெம்பொரல் என்ற புதிய தேதி வசதி 2025 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸில் வந்தது. அதில் ஜனவரி ஒன்று, டிசம்பர் பன்னிரண்டு. பழைய தேதி வகுப்பை எடுக்கவில்லை. அது பக்கத்திலேயே இருக்கிறது, ஜனவரியைப் பூஜ்யம் என்று எண்ணிக்கொண்டு.