விசில் வந்த வழி

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பள்ளி மைதானங்களை எட்டிப் பாருங்கள். எங்காவது ஒரு வாலிபால் வலை தொங்கும், கீழே சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்து கிடக்கும். ராஜபாளையத்தில் நான் படித்தபோது எங்கள் பி.டி. சார் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். அவர் வாய் திறந்து திட்டியதே இல்லை. விசிலே திட்டிவிடும்.

அந்த விசில் வந்த வழியைத் தேடினால் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் போய் நிற்கிறோம். 1890-ல் அங்கே கால்பந்துப் பயிற்சியாளராக வந்தவர் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக். யேலில் பாதிரியார் படிப்புக்குப் போனவர். 'நமக்குப் பிரசங்கம் வராது' என்று தன்னையே எடைபோட்டு, மைதானத்துக்கு வந்துவிட்டார். ஆட்டத்துக்குப் பேர்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, முட்டி மோதி விழுவார்கள்.

அவருடைய அணியில் ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் பீச் பழக்கூடை இரண்டை ஆணியடித்து மாட்டி, பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். 1892 மார்ச் 11 அன்று ஊரார் பார்க்க முதல் ஆட்டம். ஆசிரியர்களை மாணவர்கள் 5-1 என்று மண்ணைக் கவ்வ வைத்தார்கள். அந்த ஒற்றைக் கூடையைப் போட்டவர் ஸ்டாக்! வாலிபாலை 1895-ல் உருவாக்கிய வில்லியம் மார்கனும் அதே பள்ளியில் படித்தவர்தான்.

ஸ்டாக் 1892 முதல் 1932 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். எழுபது வயதில் ஓய்வு என்றதும், பசிபிக் கல்லூரிக்குப் போய் இன்னும் 14 வருஷம் பயிற்சி கொடுத்தார். 1965-ல் காலமானபோது வயது 102. அவர் வென்ற ஆட்டங்களை நான் அடுக்கப் போவதில்லை. சிகாகோ அவரைப் பேராசிரியர் வரிசையில் உட்காரவைத்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் ஊரில் கணக்கு வாத்தியார் வராவிட்டால்தானே பி.டி. சாருக்கு வகுப்பு!

ஸ்பிரிங்ஃபீல்டில் பின்னாளில் படித்த ஹாரி குரோ பக், 1919-ல் சென்னைக்கு வந்தார். மறு வருஷமே உடற்கல்விப் பள்ளி தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் அவரே. நந்தனத்தில் இன்றும் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அவர் நட்டதுதான். எங்கள் சார் அங்கே பயின்றவர்.

உங்கள் பள்ளியின் பழைய டிரில் மாஸ்டர் படம் வீட்டில் இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள்.

(தொடரும்)