டீசல் கணக்கும் இரண்டு ஒப்பந்தங்களும்

ராமேஸ்வரத்தில் ஒரு டீசல் பங்க்கில் இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதினேன். விசைப்படகுக்கு வரி கழித்த டீசல், வருஷத்துக்கு 18,000 லிட்டர். இப்போது 19,000. படகுக்கு ஒரு பாஸ்புத்தகம். ஊற்ற ஊற்றக் கழித்து எழுத வேண்டும். மீன்பிடி மானியம் பற்றி ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பில் ஒப்பந்தம் போட்டார்கள் என்று பேப்பரில் வந்தபோது, மற்றவர்கள் தாண்டிப்போன அந்தச் செய்தியை நான் இரண்டு தரம் படித்தேன்.

நம் கடலுக்கு எஞ்சினும் உதவிப் பணமும் வந்ததே ஓர் ஒப்பந்தம் வழியாகத்தான். 1952-ல் ஐ.நா., நார்வே, இந்தியா மூன்றும் கையெழுத்திட்டன. மறு வருஷம் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் வேலை தொடங்கியது. சிறு படகில் எஞ்சின் வைத்துக் கொடுத்தால் ஊர் நிறைய மீன் சாப்பிடும், நாலு காசும் பார்க்கும் என்பது நினைப்பு. இறாலுக்கு அமெரிக்காவில் விலை கிடைத்ததும் நினைப்பு மாறியது. படகின் பின்னால் இழுவை மடி ஏறியது. அறுபதுகளில் அந்தத் திட்டம் மண்டபத்துக்கும் வந்தது. மெட்ராஸ் அரசும் மானியம் போக மீதியைத் தவணையில் கட்டச் சொல்லி விசைப்படகு கொடுத்தது.

எங்கள் அப்பா வாங்கவில்லை. கடனுக்குப் பயந்துதான், வேறு கொள்கை ஒன்றும் கிடையாது. கடைசிவரை வத்தை என்கிற நாட்டுப்படகிலேயே தொழிலுக்குப் போனார். அவர் ராத்திரி போட்டுவைத்த வலையை விசைப்படகு மடியோடு வாரிக்கொண்டு போகும். கேட்டால் அடிதடி. எழுபதுகளில் அது முற்றி, வாரத்தையே பங்கு போட்டார்கள்: மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. எங்களூரில் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள். கடலைக் கிழமை வைத்துப் பிரித்துக்கொண்ட ஊர் எங்களுடையது.

1974-லும் 1976-லும் இந்தியா, இலங்கை இரு அரசுகளும் கடலில் கோடு போட்டன. நல்ல இறால் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. எண்பதுகளில் இலங்கையில் போர் மூண்டு, வடக்குக் கரைக்காரர்கள் கடலில் இறங்க முடியாமல் கிடந்த வருஷங்களில் எங்கள் படகுகள் அங்கே மடி இழுத்தன. நான் கணக்கெழுதிய டீசலில்தான். இறால், நண்டு, கணவாய் போக மிச்சமெல்லாம் சங்காயம். கோழித்தீவனத்துக்குப் போகும் பொடிமீன். 2009-ல் போர் முடிந்த பிறகு அந்தக் கரைக்காரர்கள் கடலுக்குத் திரும்பினார்கள். அப்பாவின் வலைக்கு நேர்ந்தது அவர்கள் வலைக்கும் நேர்ந்தது. அவர்களும் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான். இலங்கைக் கடற்படை நம் பிள்ளைகளைச் சுட்டதும் சிறையில் போட்டதும் மன்னிக்க முடியாதவை. ஆனால் அந்தக் கரையின் அறுந்த வலையைப் பற்றி எங்களூரில் சத்தமாகப் பேசினால் சண்டை வரும். 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது.

அதே வருஷம் இங்கே மடியை விட்டுவிட்டுச் சூரை பிடிக்கப் போங்கள் என்று ஒரு திட்டம் வந்தது. படகு 80 லட்சம். அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகள் தரும். மூன்று வருஷத்தில் 2,000 படகு என்றார்கள். வந்தது சொற்பம். காலையில் போய் மறுநாள் கரையேறிப் பழகியவனை வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிட என்றால் லேசா?

ஜெனீவா விஷயத்துக்கு வருகிறேன். 2001-ல் தோஹாவில் தொடங்கிய பேச்சு 2022 ஜூன் 17-ல் முடிந்தது. 'டீசல் மானியம் போச்சு' என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படியில்லை. அது மூன்று இடத்தில்தான் கைவைக்கிறது: சட்டவிரோதமாகப் பிடிக்கும் படகு, அளவுக்கு மீறிப் பிடித்து அருகிப்போன மீன், யார் நிர்வாகத்திலும் இல்லாத வெளிக்கடல். முதலாவதில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் கடலில் ஒரு படகு சட்டவிரோதமாகப் பிடித்தது என்று கரை நாடு முறைப்படி தீர்மானித்தால், அந்தப் படகுக்கு மானியம் கூடாது. ராமேஸ்வரத்தை நினைத்து எழுதியது போலவே இருக்கிறது.

நம் மீனவக் குடும்பத்துக்குக் கிடைப்பது வெறும் 15 டாலர், சில நாடுகள் 42,000, 65,000, 75,000 வரை கொடுக்கின்றன என்று அமைச்சர் பியூஷ் கோயல் அங்கே வாதாடினார். நியாயமான வாதம். ஊரான் கடல்வரை போய் அள்ளும் பெரிய கப்பல்களைப் பெருக்கிய மானியத்தை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டு, முதலில் கோடு தாண்டுகிறவனைப் பிடித்திருக்கிறார்கள். அந்த மிச்சப் பேச்சை, ஒப்பந்தம் அமலுக்கு வந்து நான்கு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால், பொதுக்குழு வேறு முடிவெடுத்தாலொழிய, ஒப்பந்தமே காலாவதி.

111 உறுப்பினர்களின் ஒப்புதல் சேர்ந்து 2025 செப்டம்பர் 15-ல் அது அமலுக்கு வந்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. கையெழுத்துப் போடாததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்டாலும் போடாவிட்டாலும் கேள்வி எங்கள் துறைமுகத்தில்தான் நிற்கிறது. நான் எழுதிய புத்தகத்தில் படகு எண்ணுக்கு, தேதிக்கு, லிட்டருக்கு, கையெழுத்துக்குக் கட்டம் உண்டு. எங்கே போய்ப் பிடித்தது என்று எழுதக் கட்டம் கிடையாது.