கூலி வேண்டாம், பங்கு கொடு!

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வியாபாரி வெள்ளி கொடுப்பார். பட்டறைக்காரர் கொலுசாக்கித் தருவார். கூலி கைக்கு வரும், அத்தோடு சரி. அந்த டிசைன் எத்தனை ஆயிரம் ஜோடி விற்றாலும் போட்டவருக்கு ஒரு தம்பிடி கிடையாது.

அமெரிக்காவில் ஜான் மோசஸ் பிரவுனிங்கும் 1883-லிருந்து வின்செஸ்டர் கம்பெனியோடு இப்படித்தான் காலம் தள்ளினார். துப்பாக்கி டிசைன் செய்வார். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு போவார்.

அப்புறம் ஒரு ஷாட்கன் செய்தார். வெடித்ததும் குழலே பின்னால் வந்து, காலித் தோட்டாவைத் துப்பி, அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். செமி ஆட்டோமேடிக். இது ஓடப்போகிற சரக்கு என்று மனிதருக்குப் புரிந்துவிட்டது. ‘துப்பாக்கிக்கு இவ்வளவு என்று ராயல்டி வேண்டும்’ என்றார். வின்செஸ்டர் தலைவர் பென்னட் மறுத்தார். பத்தொன்பது வருட உறவு அம்பேல்!

அடுத்து ரெமிங்டன். 1902 ஜனவரி 8. தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைப் பார்க்க பிரவுனிங் காத்திருக்கிறார். வந்ததோ, ஹார்ட்லி மாரடைப்பில் போய்விட்டார் என்கிற செய்தி.

பிரவுனிங் கப்பலேறினார். பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை ராயல்டிக்குச் சம்மதித்தது. அதுதான் ஆட்டோ-5. கிட்டத்தட்ட நூற்றாண்டு காலம் தயாரானது.

வின்செஸ்டர்? பிரவுனிங்கின் பேடன்ட்டைச் சுற்றிப்போக வழி தேடி, 1911-ல்தான் தன்னுடையதை இறக்கியது. அதில் தோட்டா ஏற்றக் கைப்பிடி கிடையாது. குழலையே பிடித்துத் தள்ள வேண்டும். ‘விதவையாக்கி’ என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது. வேறென்ன சொல்ல?

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் தட்டுகளைச் சுட்டாரே, டிராப் போட்டி, ஞாபகமிருக்கிறதா? அந்த மாதிரி தட்டுகளைப் பழைய ஆட்டோ-5 வைத்துச் சுடும் பிரியர்கள் மேல்நாடுகளில் இன்னமும் உண்டு. அவர்கள் கவலையெல்லாம் ஓர் எஃகு வளையம்தான். கனத்த தோட்டா என்றால் வளையம் ஸ்பிரிங்குக்கு முன்னால், வெண்கலத் துண்டை ஒட்டி இருக்க வேண்டும். தட்டு சுடும் லேசான தோட்டா என்றால் ஸ்பிரிங்குக்குப் பின்னால். அதை மறந்துவிட்டுக் கனத்த தோட்டா போட்டால், குழல் மோதுகிற வேகத்தில் முன்கட்டை விரிசல் விடும். எண்ணெயும் அளவோடுதான். வழியவிட்டால் பிரேக் பிடிக்காது. ஒரேயடியாகக் காயவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது.

1926-ல் அதே பெல்ஜியத் தொழிற்சாலையில்தான் பிரவுனிங் இறந்தார். கடைசியாக அவர் டிசைன் செய்த ஷாட்கனுக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு குழல். மகன் வால் மீதியை முடிக்க, 1931-ல் சந்தைக்கு வந்தது. டிராப் மைதானங்களில் இன்று எங்கே திரும்பினாலும் அந்த வகைத் துப்பாக்கிதான்.