ஒரு பெருவிரல் அடையாளமும் 35 வருடமும்

குற்றம் சாட்டுகிறவர்தான் அதை நிரூபிக்க வேணும். சட்டம் படிக்காத ஆளுக்கும் விளங்குகிற நியாயம் இது. பொலிஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பாவிக்க ஏலாது என்று எங்கட சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895இலேயே சொல்லிவிட்டது. அடிச்சு வாங்குவார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது.

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. அதன் 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். பலவந்தமாக வாங்கியது என்றால், அதை நிரூபிக்கிற பொறுப்பு அடி வாங்கியவருடையது. மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்த சட்டம் 1982இல் நிரந்தரமானது.

இது ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு சாட்சி.

1993 ஜூலை 16. ஒரு சுற்றிவளைப்பில் ஏறத்தாழ 150 தமிழ் ஆண்களோடு அவரும் பிடிபட்டார். இராணுவ முகாமில் சித்திரவதை செய்யப்பட்டதாக அவர் சொன்னார். டிசம்பரில் வாக்குமூலம் பதிவானது. அவருக்குத் தெரிந்த மொழி தமிழ் மட்டும்தான். வாக்குமூலம் இருந்ததோ சிங்களத்தில். மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. அதன் கீழே அவருடைய பெருவிரல் அடையாளம்.

யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்கள் மீதான தாக்குதல்களோடு தொடர்பு என்று சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். வழக்குத் தொடுநரின் கையில் இருந்த ஒரே ஆதாரம் அந்த வாக்குமூலம்தான். உடம்பில் காயத் தழும்புகளும் கண்ணில் காயமும் இருந்ததாக வைத்திய அறிக்கை சொன்னது. ஆனால் நீதவானிடம் முன்பே ஏன் முறையிடவில்லை என்று மேல் நீதிமன்றம் கேட்டது. திரும்பப் போவது அதே காவலுக்குத்தானே, எப்படி வாய் திறப்பது?

1995இல் 50 வருடச் சிறை. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆகக் குறைத்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, விசாரணை நியாயமாக நடக்கவில்லை, நிரூபிக்கும் சுமையை எதிரியின் தலையில் வைத்தது பிழை என்று கண்டது. விடுதலை அல்லது மறுவிசாரணை, அதோடு நட்டஈடும் கேட்டது. அதைக் கொண்டு அவர் உயர் நீதிமன்றம் போனார். 2006இல், அந்தக் குழுவிடம் முறையிட வழிவிட்ட நெறிமுறையில் 1997இல் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அடிச்சதா இல்லையா என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

அதிகாரத் துஷ்பிரயோகம் என்றவுடன் சட்டத்தை மீறுகிற ஆட்களைத்தான் நாங்கள் நினைக்கிறோம். இங்கே வழக்குத் தொடுநர் ஒருவரும் சட்டத்தை மீறத் தேவைப்படவில்லை. அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்றுதான்: இந்தக் கடதாசி எப்படி வந்தது என்று கேட்பது. குற்றப்பத்திரிகையில் கையெழுத்து வைக்க முன்னம் அதைக் கேட்பதுதான் அவர்களுடைய வேலை. கேட்காமல் விட, சட்டமே அவர்களுக்கு வசதி செய்து கொடுத்தது.

2022இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 16ஆம் பிரிவில் கை வைக்கவில்லை. இனி வருகிற எந்தப் புதுச் சட்டத்தையும் அந்த இடத்தில் இருந்துதான் நாங்கள் வாசிக்கத் தொடங்க வேணும்.