காஞ்சிபுரத்து டிராமும் பதினாறரை மில்லிமீட்டரும்

எங்கள் திருப்புட்குழிக்கு ரயில் நிலையம் கிடையாது. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கிரியை செய்த ஊர், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பக்கத்திலேயே பால்செட்டிசத்திரம், பெங்களூர் நெடுஞ்சாலை... பெருமைக்குக் குறைச்சல் இல்லை. ரயில் பிடிக்க மட்டும் காஞ்சிபுரம் போக வேண்டும். அந்தக் காஞ்சிபுரம் ரயில் பாதைக்கு ஒரு விசித்திரமான பிறப்பு உண்டு என்பதும், அது பொம்மை ரயில் விஷயத்தோடு வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதும் எனக்கு சமீபத்தில்தான் தெரிந்தது.

1865ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு, சுமார் 30 கிலோமீட்டர், ரயில் ஓட ஆரம்பித்தது. போட்டது இந்தியன் டிராம்வே கம்பெனி. பெயரில் டிராம் என்று இருந்தாலும் நீராவி ரயில்தான். அப்போது இந்தியாவில் போட்ட பெரிய பாதைகள் எல்லாம் ஐந்தரை அடி அகலம் (1676 மிமீ). இது வெறும் மூன்றரை அடி! அதாவது 1067 மிமீ. லண்டன் கிரிஸ்டல் பேலஸைக் கட்டிய சர் சார்லஸ் ஃபாக்ஸ் இதன் பின்னால் இருந்த பொறியாளர். நம் நாட்டின் ஆரம்பகாலக் குறுகிய ரயில் பாதைகளில் இதுவும் ஒன்று.

ஏன் குறுகியது? பி.காம் படிப்பவனுக்கு இதற்கு விடை சொல்வது சுலபம். செலவு! பாதை குறுகினால் தண்டவாளம் இலேசாகும், வளைவு சுருங்கும், பாலம் சின்னதாகும், எஞ்சினும் சின்னதாகும். 1862லேயே நார்வேயில் கார்ல் பிஹ்ல் என்ற பொறியாளர் இதே மூன்றரை அடியில் ரயில் விட்டுக் காட்டிவிட்டார். நம் பாதை வந்த அதே 1865ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் இதே அளவு வந்தது. அதிலும் ஃபாக்ஸின் கை உண்டு. 1872ல் ஜப்பான். பிறகு தென்னாப்பிரிக்கா. ஜப்பானில் புல்லட் ரயில் தவிர பெரும்பாலான பாதைகள் இன்றைக்கும் மூன்றரை அடிதான்.

காஞ்சிபுரத்தில் மட்டும் அது நிலைக்கவில்லை. 1870ல் வைஸ்ராய் மேயோ காலத்தில், சிக்கனப் பாதை என்றால் இனி மீட்டர்கேஜ் என்று அரசு முடிவு செய்தது. கம்பெனியும் பெயர் மாறி, 1874ல் தென்னிந்திய ரயில்வேயில் கலந்துவிட்டது. 1878ல் பாதை மீட்டர்கேஜ் ஆனது. எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 67 மில்லிமீட்டர்! ஒரு விரல் நீளம். அதற்காக மொத்தப் பாதையையும் மாற்றினார்கள். 13 வருடத்தோடு கதை முடிந்தது. இன்று ஓடுவது அகலப்பாதை.

சரி, இனி பொம்மைக்கு வருவோம்.

விளையாட்டு ரயிலுக்கும் இதே கேஜ் தலைவலி இருந்தது. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891ல் லைப்ஸிக் சந்தையில் அளவுகளை வரிசைப்படுத்தி, கூடுதல் தண்டவாளத்தைத் தனியாக வாங்கி நீட்டிக்கொள்ளும்படி விற்றது. முதலில் ஒரு எஞ்சின், அடுத்த வருடம் ஒரு ஸ்டேஷன், அதற்கடுத்து ஒரு பாலம். என்ன வியாபார மூளை! இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920ல் சாவி கொடுக்கும் ரயில் விற்றார். 1938ல் அவர் கம்பெனி ஹார்ன்பி டப்ளோ என்ற சின்ன அளவைக் கொண்டுவந்தது. தண்டவாள அகலம் பதினாறரை மில்லிமீட்டர். எச்.ஓ. என்று உலகம் முழுக்க ஓடுவதும் இதே பதினாறரைதான், 87ல் ஒரு பங்கு அளவு. ஆனால் நிஜ பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒல்லி. 87ல் ஒரு பங்காக்கினால் அந்தக் கால மோட்டார் உள்ளே நுழையாது. அதனால் எஞ்சினை மட்டும் 76ல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று வரை இங்கிலாந்துப் பொம்மைகள் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகின்றன :-)

இந்தியாவில்? குவாலியர் அரண்மனை சாப்பாட்டு மேசையில் ஓடிய வெள்ளி ரயிலைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாசெட் லோக் கம்பெனி செய்தது. மது ஜாடியைப் பெட்டியிலிருந்து தூக்கினால் ரயில் நிற்கும். மகாராஜா சமாச்சாரம், நமக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது புனேயில் பாவ் ஜோஷி என்பவர் தன் ஆசைக்குச் சேர்த்து, 1998ல் கோத்ரூடில் பொதுமக்களுக்குத் திறந்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம். அங்கே எச்.ஓ. ரயில்கள் ஒரு நகரத்தையே சுற்றுகின்றன.

ஆனால் நம் அகலப்பாதையை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. கடையில் கிடைக்கும் பதினாறரையில் நம் ரயிலைச் சரியான அளவில் செய்யவே முடியாது. மீட்டர்கேஜ் என்றால் பதினொன்றரை. அதுவும் பொருந்தாது, அதற்கு 12 மிமீ தண்டவாளம் தேட வேண்டும்.

இப்போது 1067ஐ 64ஆல் வகுத்துப் பாருங்கள். 16.67! நியூசிலாந்திலும் குவீன்ஸ்லாந்திலும் மாடல் செய்பவர்கள் இந்தக் கணக்கில்தான் சாதாரண எச்.ஓ. தண்டவாளத்தில் தங்கள் ஊர் மூன்றரை அடி ரயிலை 64ல் ஒரு பங்காக ஓட்டுகிறார்கள். இந்தியாவில் மறைந்தே போன காஞ்சிபுரம் டிராம் அதே தண்டவாளத்தில் அச்சாகப் பொருந்துகிறது. இதைக் கண்டதும் கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

பழைய பொம்மை எஞ்சினை வாங்கிச் சீர்செய்து அடிப்பாகமாக வைக்கலாமே என்று தோன்றும். எச்சரிக்கை: போருக்கு முந்தைய வார்ப்புகளில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால், உலோகமே உள்ளுக்குள் உப்பி, விரிசல் விட்டு உதிரும். அதற்கு மருந்தில்லை, புதுச் சக்கரம், புதுச் சட்டம் வார்த்துப் போடுவதுதான் வழி. அப்படிப் போட்டால் அது பழைய எஞ்சினா, புதிதா? சேகரிப்பாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால் விலை இறங்கும் என்பது இன்னொரு வேடிக்கை. எங்கள் பாடப்புத்தகத் தேய்மானக் கணக்கு இங்கே தலைகீழ்! நிஜ எஞ்சினிலும் இதே கேள்விதான். 1855ல் லீட்ஸில் செய்த இ.ஐ.ஆர். 21 எஞ்சின் நூறு வருடத்துக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனையில் அதற்கு உயிர் கொடுத்து 2010 ஆகஸ்ட் 15ல் ஓட்டினார்கள். பல பாகங்கள் புதியவை. என்னைக் கேட்டால், ஓடுகிறதே, அது போதும்.

காஞ்சிபுரம் பாதை முழுவதையும் 64ல் ஒரு பங்காகச் செய்தால் 470 மீட்டர் நீளம் வரும். எங்கள் தெரு தாங்காது. எட்டடி பிளைவுட் பலகை என்றால் நிஜத்தில் 156 மீட்டர். அதில் காஞ்சிபுரம் ஸ்டேஷன், ஒரு குட்டி எஞ்சின், இரண்டு பெட்டி, தண்ணீர்த் தொட்டி அடங்கும். பின்னால் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரமும் வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் உயரத்தில் செய்ய வேண்டும். ரயிலை விட அதற்குத்தான் அட்டையும் பசையும் அதிகம் செலவாகும்.