வாதத்திலிருந்து கழன்ற டிராம் வண்டி

நடைமுறை அறவியல் வகுப்புகள் பலவும் ஒரு டிராம் வண்டியில்தான் தொடங்குகின்றன. பிரேக் பிடிக்காத வண்டி நேரே போனால் தண்டவாளத்தில் நிற்கும் ஐவர் சாவார்கள். கிளைத் தடத்தில் திருப்பினால் ஒருவர் சாவார். திருப்பலாமா? பெரும்பாலோர் கை தூக்குவார்கள். பாலத்தின் மேல் நிற்கும் பருத்த மனிதரைத் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தலாமா என்று கேட்டால் தூக்கிய கைகள் இறங்கிவிடும். இந்த முரணைக் காட்டியதோடு பாடத்தை முடித்துக்கொள்வது, அந்த எடுத்துக்காட்டு எதற்காகப் பிறந்ததோ அதையே கைவிடுவதாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆக்ஸ்போர்டின் மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட் அதை 1967இல் எழுதினார். பிரிட்டனில் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. அவர் எடுத்துக்கொண்ட பொருள், கருக்கலைப்பு விவாதத்தில் கத்தோலிக்க அறவியலாளர்கள் கையாண்ட இரட்டை விளைவுக் கோட்பாடு. நோக்கமாகக் கொண்டு செய்யும் தீங்கு வேறு, நேரும் என்று தெரிந்தும் நோக்கமாகக் கொள்ளாத தீங்கு வேறு என்பது அக்கோட்பாடு. டிராம் ஓட்டுநர் அங்கே சில வரிகளில் வந்து போகிறவர். அவருக்கு இணையாக ஃபுட் ஒரு நீதிபதியை நிறுத்துகிறார்: குற்றமற்ற ஒருவரைத் தூக்கிலிட்டால், வெறிகொண்ட கும்பலிடம் சிக்கிய ஐவர் பிழைப்பார்கள். ஓட்டுநரை ஏற்கும் நாம் நீதிபதியை ஏன் ஏற்பதில்லை? நோக்கம்தான் காரணம் என்கிறது கோட்பாடு.

ஃபுட் இங்கே நிற்கவில்லை. வகுப்பறைகள் ஏறக்குறைய மறந்துவிட்ட மூன்றாவது எடுத்துக்காட்டு ஒன்று அவரிடம் உண்டு. மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளைக் காப்பாற்ற ஒரு வாயுவைத் தயாரிக்க வேண்டும். தயாரித்தால், இடம் மாற்ற முடியாத இன்னொரு நோயாளியின் அறைக்குள் நச்சுப்புகை புகுந்து அவரைக் கொல்லும். அவர் சாவு யாருடைய நோக்கமும் அல்ல. ஆனாலும் வாயுவைத் தயாரிக்கக் கூடாது என்றே நமக்குப் படுகிறது. நோக்கத்தை வைத்து இதை விளக்க முடியாது. ஃபுட்டின் விடை: ஓட்டுநருக்கு முன் நிற்பவை கொல்லாதிருக்கும் கடமைகள் இரண்டு, எப்படிப் போனாலும் அவர் கொல்கிறார், ஆகவே குறைவாகக் கொல்லலாம். நீதிபதிக்கும் மருத்துவருக்கும் முன்னே ஒருபுறம் உதவும் கடமை, மறுபுறம் கொல்லாதிருக்கும் கடமை. பின்னதே வலியது.

இந்த விடையைச் சோதிக்க வந்தவர் மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன். பாலத்து மனிதர் 1976இல் வெளியான அவர் கட்டுரையில் வருகிறார். 1985இல் அவர் ஓட்டுநரை நீக்கிவிட்டு, விசையருகே நிற்கும் வழிப்போக்கரைக் கொண்டுவந்தார். சும்மா நின்றால் அவர் யாரையும் கொன்றவராகமாட்டார். திருப்பினால் ஒருவரைக் கொல்கிறார். ஃபுட்டின் விளக்கப்படி அவர் திருப்பக் கூடாது. தாம்சனோ திருப்பலாம் என்றார். 2008இல் அந்த முடிவை அவரே மறுத்தெழுதினார். அறவியல் மாணவர் கற்க வேண்டியது இந்த மனமாற்றத்துக்கு அவர் காட்டிய காரணங்களை. கைதூக்கலின் எண்ணிக்கையை அல்ல.

எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் இதுவே நிலை. டிராம் கேள்வியைத் தானியங்கி கார்களுக்கு மாற்றி எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நடத்திய ‘மாரல் மெஷின்’ ஆய்வு, 2018இல் வெளியானபோது, ஏறத்தாழ 4 கோடி தெரிவுகளைத் திரட்டியிருந்தது. மக்களின் விருப்பங்களை அறிய அது உதவும். அவ்விருப்பங்கள் நியாயமானவையா என்ற கேள்வியை அது தொடுவதேயில்லை.

டிராம் இல்லாவிட்டால் முதலாண்டு மாணவர்கள் வகுப்புக்கே வரமாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். இருக்கலாம், வண்டியை விலக்கச் சொல்லவில்லை. நீதிபதியையும் நச்சுப்புகை அறையையும் அதே வகுப்பில், அதே வரிசையில் வைக்க வேண்டும். இரட்டை விளைவுக் கோட்பாடு எந்த இடத்தில் உடைகிறது என்று மாணவரையே எழுதச் சொல்ல வேண்டும். தேர்வுத்தாளில் ‘திருப்புவேன்’ என்ற விடைக்கு மதிப்பெண் ஏதும் இருக்கக் கூடாது.