குவென் ஸ்டேசியின் கழுத்து

2021 டிசம்பர். 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' பார்த்துவிட்டு பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து பேர். நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்தபிறகு கூட்டமாகத் தியேட்டருக்குப் போனது அதுதான் முதல்முறை. அதனாலோ என்னவோ, ஆளுக்காள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். மூன்று ஸ்பைடர்மேன்களில் யார் பெஸ்ட், மந்திரம் எப்படி வேலை செய்தது, அடுத்த படத்தில் யார் வருவார் என்று மேசை அதிர்ந்தது. எங்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் மட்டும் தே தாரிக்கைக் கிளறிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"நூல் போடல. கவனிச்சீங்களா?"

யாருக்கும் புரியவில்லை.

"எம்ஜே விழுறா. ஆண்ட்ரூ கார்ஃபீல்டு என்ன பண்றான்? நூல் போட்டு இழுக்கல. அவனே குதிச்சு, ரெண்டு கையாலயும் புடிக்கிறான். நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டாங்கடா."

அந்த நாற்பத்தெட்டு வருடக் கணக்கைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. ஒரு கதாபாத்திரம் எப்படிச் செத்தது என்று விடாமல் சண்டைபோட்டவர்களின் வரலாறு என்றும் சொல்லலாம்.

கணக்கு 1973இல் தொடங்குகிறது. 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழ், அட்டையில் ஜூன் என்று போட்டிருக்கும். அதன் மறுபதிப்பு ஒன்று எனக்கு அம்கோர்ப் மாலின் வாரக்கடைசிப் பழைய பொருள் சந்தையில் கிடைத்தது. கதை ஜெரி கான்வே, ஓவியம் கில் கேன். பீட்டர் பார்க்கரின் காதலி குவென் ஸ்டேசியைக் கிரீன் காப்லின் தூக்கிக்கொண்டுபோய் ஒரு பாலத்தின் உச்சியில் வைக்கிறான். சண்டையில் அவளைக் கீழே தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் நூலை வீசுகிறான். நூல் அவள் காலில் சரியாக ஒட்டிக்கொள்கிறது. அவள் தண்ணீரில் விழவில்லை. காப்பாற்றிவிட்டேன் என்று தன்னையே மெச்சிக்கொண்டு மேலே இழுக்கிறான். இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை.

காப்லின் சிரித்துக்கொண்டே ஒரு விளக்கம் சொல்கிறான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் நூல் எட்டுவதற்கு முன்பே அதிர்ச்சியில் உயிர் போய்விடுமாம். ஆனால் நூல் அவளைப் பிடிக்கும் அந்தக் கட்டத்தில், அவள் தலைக்குப் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில் ஒரு ஓசை எழுதப்பட்டிருக்கிறது. ஸ்னாப். அவ்வளவுதான். அவசரமாகப் புரட்டினால் கண்ணில் படாது. நானே முதல் வாசிப்பில் தவறவிட்டேன்.

வாசகர்கள் தவறவிடவில்லை. அவளைக் கொன்றது யார்? தள்ளிவிட்ட காப்லினா, விழுந்த அதிர்ச்சியா, காப்பாற்ற வீசப்பட்ட நூலா? இல்லை, பாலத்தில் கிடந்தபோதே அவள் செத்துவிட்டாளா? இன்னொரு கூட்டம் பாலத்தைப் பற்றியே சண்டைபோட்டது. கதையில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று இருக்கிறது, வரைந்திருப்பதோ புரூக்ளின் பாலம்போல இருக்கிறது. ஒரு பெண் செத்துக் கிடக்கும்போது பாலத்தின் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

இந்த மாதிரி வாசகர்கள் திடீரென்று முளைத்துவிடவில்லை. அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைவு இதழ், கடிதம் எழுதியவர்களின் முகவரியையும் சேர்த்து அச்சிட்டது. முகவரி கிடைத்ததும் வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அப்படி வளர்ந்த பையன்களில் ஒருவர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். பின்னாளில் டிசி காமிக்ஸின் ஆசிரியரானபோது, 1960களின் தொடக்கத்தில், அதே வேலையைத் தன் இதழ்களிலும் செய்தார். டெட்ராய்ட்டில் ஒரு பேராசிரியர், மிசூரியில் ஒரு பள்ளி ஆசிரியர் என்று ஊர் ஊராகக் கிடந்தவர்களுக்குத் தங்களைப்போல் கிறுக்குப் பிடித்தவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்தப் பேராசிரியர் ஜெரி பெய்ல்ஸ், பள்ளி ஆசிரியர் ராய் தாமஸ். 1961இல் இருவரும் சேர்ந்து 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைக் கொண்டுவந்தார்கள். சூப்பர் ஹீரோ ரசிகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று வந்த முதல் சில இதழ்களில் அது ஒன்று.

மார்வெலில் நிலைமை வேறு. ஸ்டான் லீ ஒரே மாதத்தில் பல இதழ்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். தப்பு வராமல் இருக்குமா? 1963இல் ஸ்பைடர்மேனின் முதல் இதழிலேயே பீட்டர் பார்க்கரை ஓரிடத்தில் பீட்டர் பால்மர் ஆக்கிவிட்டார். அடுத்த ஆண்டு 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 25ஆம் இதழில் ஹல்க்காக மாறும் புரூஸ் பேனரின் பெயர் பாப் பேனர் ஆனது. கடிதங்கள் வந்தன. லீ அசரவில்லை. அவருடைய முழுப்பெயரே ராபர்ட் புரூஸ் பேனர்தான் என்று மூன்று இதழ் தள்ளிக் கடிதப் பக்கத்தில் பதில் போட்டார். ராபர்ட்டைச் சுருக்கினால் பாப்! இன்றுவரை ஹல்க்கின் அதிகாரபூர்வமான பெயர் அதுதான். ஒரு மறதி, ஒரு மனிதனுக்கு முதல்பெயர் ஆகிவிட்டது.

அதே 1964 வாக்கில் லீ ஒரு பரிசையும் அறிவித்தார். 'நோ-பிரைஸ்'. பெயரே சொல்வதுபோல அது பரிசே இல்லை. 1967இல் அதை அஞ்சலில் அனுப்பவும் ஆரம்பித்தார்கள். உறையின் மேல் 'நீங்கள் வென்ற அசல் நோ-பிரைஸ் உள்ளே இருக்கிறது' என்ற பொருளில் அச்சடித்திருக்கும். பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. புரியாத சிலர் பரிசைப் போட மறந்துவிட்டீர்கள் என்று புகார் எழுதியதாகவும் சொல்வார்கள். போகப்போக இதற்கு ஒரு வழக்கம் உருவானது. தப்பைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது ஏன் தப்பே இல்லை என்பதற்கும் நீயே ஒரு காரணம் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு எஸ்பிஎம் இலக்கிய வகுப்பு ஞாபகம் வந்தது. நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்று சொன்னால் அது திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னான் என்று காரணம் காட்டினால் அமைந்துவிடும். தப்புதான், ஆனால் தப்பில்லை. உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாகச் செய்த வேலை இது. அவர்களுக்கெல்லாம் ஒரு காலி உறை அனுப்பியிருக்கலாம்.

மார்வெல் இதைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தன் ஓட்டைகளைச் சம்பளம் இல்லாமல் அடைக்க ஒரு படையையே உருவாக்கிக்கொண்டது. ஆனால் அந்தப் படை சும்மா இருக்கவில்லை, உள்ளேயே வந்துவிட்டது. ராய் தாமஸ் 1965இல் மார்வெலில் வேலைக்குச் சேர்ந்து, 1972இல் ஸ்டான் லீக்கு அடுத்து தலைமை ஆசிரியரானார். ஜெரி கான்வே பதின்மூன்று வயதில் எழுதிய கடிதம் 1966இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில் அச்சாகியிருக்கிறது. குவென் ஸ்டேசியைக் கொன்றபோது அவருக்கு இருபது வயது. ஆக, கதையில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தவர்களின் கையிலேயே கதை வந்துவிட்ட காலம் அது. அந்தச் சின்ன 'ஸ்னாப்' எழுத்தைச் சேர்த்தது தான்தான் என்று கான்வே பின்னாளில் சொன்னார். இந்த வாசகர் கூட்டத்திலிருந்து வந்த ஒருவர், அதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

கடிதங்கள் கொட்டின. கோபமான கடிதங்கள். ஸ்டான் லீயே தனக்குச் சரியாகத் தெரியாது என்று நழுவப் பார்த்தார். தெரிந்துதான் நடந்தது என்றார்கள் மற்றவர்கள். நான்கு இதழ் கழித்து, 125ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் நிறுவனத்தின் பதில் வந்தது. நூல் அவளைச் சட்டென்று நிறுத்தியதில் கழுத்துக்கு ஏற்பட்ட அதிர்வுதான் காரணம், ஆனால் அவளைக் காப்பாற்ற அவனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை என்பது அதன் சாரம். கதைக்குள் காப்லின் சொன்ன விளக்கம் பொய் என்று கதைக்கு வெளியே ஒரு பத்தியில் அறிவித்துவிட்டார்கள்.

அந்தப் பத்தியில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்பைடர்மேன் கதையின் அடிப்படையே ஒரு குற்றவுணர்வு. திருடனைத் தடுக்காமல் விட்டான், அவனே பெரியப்பாவைக் கொன்றான். அது செய்யாமல் விட்டதற்கான குற்றம். குவென் விஷயம் அப்படி இல்லை. இங்கே அவன் செய்தான். சரியாக, வேகமாக, குறி தப்பாமல் செய்தான். அதனாலேயே அவள் செத்தாள். இந்த வித்தியாசம் முழுக்க அந்த ஒரு ஓசையில் இருக்கிறது. அந்த எழுத்தை அழித்துவிட்டால் அது இன்னொரு வில்லன் செய்த கொலை, அவ்வளவுதான். சின்ன எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கிய ரசிகர்களைக் குழந்தைத்தனம் என்று சிரிப்பவர்கள், வாலியை மரத்துக்குப் பின்னால் நின்று கொன்றது சரியா என்று நம் பட்டிமன்றங்களில் எத்தனை ராத்திரி போயிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கலாம்.

சண்டைக்குள் ஒரு பேராசிரியரும் நுழைந்தார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லித்தரும் ஜேம்ஸ் ககாலியோஸ். 2005இல் வந்த அவருடைய 'தி ஃபிசிக்ஸ் ஆஃப் சூப்பர்ஹீரோஸ்' நூலில் குவெனின் சாவுக்கு ஒரு கணக்கே இருக்கிறது. ஏறக்குறைய 300 அடி விழுந்தால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அதை அரை விநாடியில் நிறுத்தினால் உடல் எடையைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு விசை கழுத்தில் இறங்கும். ஸ்னாப் சரிதான். நூல் இழுபட்டு மெதுவாக நிறுத்தியிருந்தால் அவள் பிழைத்திருக்கலாம். ஆனால் மெதுவாக நிறுத்த நேரமும் தூரமும் வேண்டுமே.

சினிமா இந்தச் சாவைத் தொட ரொம்பத் தயங்கியது. நான் சிறு வயதில் பார்த்த தொண்ணூறுகளின் கார்ட்டூனில் பாலத்திலிருந்து விழுவது குவென் அல்ல, மேரி ஜேன். அவளும் சாகமாட்டாள், ஏதோ ஓர் ஒளிக்குழிக்குள் விழுந்து காணாமல் போவாள். 2002இல் சாம் ரைமி எடுத்த படத்திலும் பாலம் உண்டு, காப்லின் உண்டு, விழுவது மேரி ஜேன், பிழைத்துக்கொள்வாள். 2014இல் 'தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2'தான் துணிந்தது. மணிக்கூண்டுக்குள் எம்மா ஸ்டோன் விழுகிறாள். கார்ஃபீல்டு வீசும் நூலின் நுனி ஒரு கைபோல விரிந்து அவளை எட்டுகிறது. உடல் நிற்கிறது, தலை பின்னால் சாய்கிறது. தரையில் மோதியதா, நூல் இழுத்த இழுப்பா? படம் சொல்லாது. நாற்பது வருடச் சண்டையைத் தெரிந்த ஒருவர்தான் அதை அப்படி இரண்டுங்கெட்டானாக எடுக்க முடியும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகு. அன்றைக்கு மாமாக் கடையில் எங்களில் ஒருவன் அண்ணனிடம் கேட்டான், "ஏண்ணே, கழுத்துலயே நிக்கிறீங்க? காமிக்ஸ்தானே லா."

அண்ணன் பள்ளியில் சென் ஜான் ஆம்புலன்ஸ் படையில் இருந்தவர். விழுந்தவரின் கழுத்தைத் தொடாதே, அசைக்காதே என்பதுதான் அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மழையில், ஃபெடரல் நெடுஞ்சாலையில், மோட்டாரில் போன ஒரு பையன் சறுக்கி விழுந்திருக்கிறான். இவர் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு தரையிலேயே மண்டியிட்டிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் திட்டியிருக்கிறார்கள். தூக்கி ஓரமா போடுய்யா, காருல ஏத்துய்யா, மழையில சாவடிக்கிறியா என்று. ஒருவர் இவர் கையைத் தட்டிவிடவும் பார்த்திருக்கிறார்.

"நான் உடல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உடல. ஆனா ஒரு நிமிஷம் எனக்கே டவுட்டு வந்திருச்சு தெரியுமா? தூக்கியிருந்தா பொழச்சிருப்பானோன்னு. இல்ல, நான் புடிச்சதே தப்பாப் புடிச்சிட்டேனோன்னு."

"அந்தப் பையன் என்ன ஆனான்ணே?"

"ஏத்திட்டுப் போனாங்க. அப்பறம் தெரியல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் வந்தது. நான் அந்தக் காட்சியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எம்ஜேயைத் தரையில் இறக்கிவிட்டு, உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்கும்போது கார்ஃபீல்டின் முகம் உடைந்துபோகும். அவள் திருப்பிக் கேட்பாள், உனக்கு ஒன்றுமில்லையே என்று. தியேட்டரில் நாங்கள் அங்கே கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒருவன் ஆரம்பித்தான். "அது சரிண்ணே. பீட்டர்தான் ஸ்பைடர்மேன்னு தெரிஞ்சவங்கதானே அந்த மந்திரத்துல இந்த உலகத்துக்கு வர முடியும்? எலெக்ட்ரோவுக்குத்தான் பழைய படத்துல அது யாருன்னே தெரியாதே. அவன் எப்படி வந்தான்?"

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தே தாரிக் சொன்னார்.